ஊர் முழுக்க வேலுத்தாய் ரேகை

வேப்பூரணியில் உரக்கடை செண்பகராஜின் பெண்டாட்டி வேலுத்தாய் பூச்சிமருந்து குடித்துச் செத்துப்போனாள் என்று சேதி பரவிய அன்றைக்கு, முதலில் அழுகைச் சத்தம் வந்தது, பிறகு போலீஸ் ஜீப் வந்தது, பிறகு மோப்ப நாய் வந்து வழக்கம்போலப் பேருந்து நிறுத்தம் வரைக்கும் ஓடி யாரையும் கவ்விப் பிடிக்காமல் நின்றுகொண்டது, அதற்கும் பிறகு, வெயில் ஏறி எல்லாரும் இரண்டாம் காப்பி குடித்து முடித்திருந்த நேரத்தில், மாவட்டத் தலைநகரிலிருந்து தடயப் பிரிவின் வண்டி வந்து, அதிலிருந்து கறுப்புப் பெட்டியோடு ஒரு அம்மாள் இறங்கினார். கைரேகை நிபுணர் வந்திருக்காங்க, வழி விடுங்க என்று ஏட்டு சத்தம் போட்டதுதான் தாமதம், சாவு வீட்டு வாசலில் நின்ற கூட்டத்தில் பாதிப்பேர் உள்ளங்கையை வேட்டியிலும் சேலையிலும் துடைத்துக்கொண்டு முன்னால் நீட்டிவிட்டார்கள். நாங்கள் என்னத்தைக் கண்டோம்? கைரேகை பார்க்கிறவர் என்றால் எங்களுக்குத் தெரிந்தது பொங்கல் திருவிழாவில் கிளிக்கூண்டுக்குப் பக்கத்தில் துண்டை விரித்து உட்கார்ந்திருக்கிறவர்தான். போலீஸ் இலாகாவே சம்பளம் கொடுத்து ஒரு ஜோசியக்காரரை வைத்திருக்கிறது, செத்தவள் கையைப் பார்த்து எப்படிச் செத்தாள் என்று சொல்லிவிடுவார் என்று நாங்கள் நினைத்ததில் பெரிய தப்பு ஒன்றும் இல்லை.

அந்த அம்மாளின் பெயர் அமலோற்பவம். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், சப்-இன்ஸ்பெக்டர் அந்தஸ்து, காக்கி போடாமல் பருத்திச் சேலை கட்டியிருந்தார், நீட்டிய கைகளையெல்லாம் ஒருமுறை பார்த்துவிட்டு, தான் நடந்ததைப் பார்க்கிறவள், நடக்கப்போவது தனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். பெரிய ஜோசியர்கள் முதலில் இப்படித்தான் பிகு பண்ணுவார்கள் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். அன்றையிலிருந்து அவர் எங்களுக்கு ரேகையம்மா.

வேலுத்தாயைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அவள் எங்கள் ரேஷன் கடையில் அரிசி நிறுத்துப் போடுகிறவள். எங்கள் ஊரில் ஒன்று தீப்பெட்டி ஆபீஸ், இல்லாவிட்டால் சுண்ணாம்புக் காளவாசல், இரண்டும் விரலைத் தின்கிற வேலை, அதனால் ரேஷன் கடையில் மெஷின் வந்த நாளிலிருந்து எங்களில் யாருக்கும் ரேகை விழுந்ததே இல்லை. கட்டைவிரலை வைத்தால் மெஷின் சிவப்பு விளக்கைக் காட்டிக் கீச்சென்று கத்தும், விற்பனையாளர் அடுத்த ஆளைக் கூப்பிடுவார். அப்போதெல்லாம் வேலுத்தாய் தராசை விட்டு எழுந்து வந்து, அந்த விரலைத் தன் கையில் வாங்கி, முந்தானையால் அழுத்தித் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவி, வாயால் ஊதி, குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி மெதுவாக மெஷினில் வைத்து அழுத்துவாள், பச்சை விளக்கு எரியும். அவள் பிடித்தால் விழும், அவ்வளவுதான். தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் விரலையும் காளவாசல் ஆண்கள் விரலையும், படுத்த படுக்கையாகக் கிடந்து கட்டிலோடு தூக்கி வரப்பட்டவர்கள் விரலையும் அவள் பிடித்திருக்கிறாள். அவள் புருஷன் செண்பகராஜ் மட்டும் அந்த வாசலில் கால் வைத்ததில்லை; உரக்கடை வைத்திருக்கிறவன் ரேஷனுக்கு நிற்பானா என்பான்.

செண்பகராஜ் போலீஸிடம் சொன்னது இது: கடை திறந்துவிட்டுச் சாப்பிட வீட்டுக்கு வந்தேன், அடுப்படியில் கிடந்தாள், பக்கத்தில் மருந்து பாட்டில் கிடந்தது, முந்தின நாள் ஒரு சண்டை, முன்கோபக்காரி. ஊர் தலையாட்டியது. சாவு வீட்டில் ஊர் தலையாட்டத்தானே செய்யும்? தலையாட்டாதவள் வேலுத்தாயின் தங்கச்சி குருவம்மா ஒருத்திதான். எங்க அக்கா மருந்து குடிக்கிறவ இல்ல, காய்ச்சல் மாத்திரையைக்கூடத் தண்ணியில கரைச்சுக் குடுன்னுதான் கேப்பா, அவளுக்கு எதுவும் தொண்டையில இறங்காது என்று தீப்பெட்டி ஆபீஸ் உடுப்போடு வந்து நின்று மாரில் அடித்துக்கொண்டு சொன்னாள். அக்காவுக்கு ஒரே பிள்ளை, தர்ஷினி, ஒன்றாம் வகுப்பு. கேஸ் தற்கொலை என்று முடிந்தால் பிள்ளை அப்பன் வீட்டில்தான் வளரும், அதோடு, சித்தி அந்த வாசலை மிதிக்கக் கூடாது என்று செண்பகராஜ் பிணத்தை எடுக்கும் முன்பே சொல்லிவிட்டான். அக்கா போனது குருவம்மாவுக்கு ஒரு துக்கம், அக்கா மகள் அந்த வீட்டில் தூங்குகிறாள் என்பது இன்னொரு துக்கம், இந்த இரண்டாவதுதான் அவளை அரித்தது.

ரேகையம்மா அடுப்படியில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து, அணில்வால் மாதிரி ஒரு பிரஷ்ஷை எடுத்துக் கறுப்புப் பவுடரில் தொட்டு, பாட்டில்மேல் பட்டும் படாமலும் சுற்றிச் சுற்றித் தடவினார், தடவத் தடவ ஒன்றுமில்லாத இடத்திலிருந்து விரல் விரலாக எழுந்து வந்தது. அதையெல்லாம் டேப்பில் ஒட்டி எடுத்து, செத்தவளின் விரல்களில் மை தடவி அதையும் எடுத்து, லென்ஸ் வைத்து ஒப்பிட்டார். பாட்டில் முழுக்க வேலுத்தாய்தான். மை தடவி எடுத்த தாளில் அவளுடைய கட்டைவிரல் இரட்டைச் சுழி, சுழிக்குக் குறுக்கே கோணி ஊசி ஏறிய தழும்பு ஒன்று. மற்ற விரல்களும் தெளிவானவை, குழப்பத்துக்கே இடமில்லை. இன்ஸ்பெக்டருக்கு நிம்மதி. கெட்ட மனுஷன் இல்லை அவர், அவருக்கு நிறைய கேஸ் இருந்தது. ரேகையம்மாவோ பாட்டிலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சார், கம்பெனியிலேருந்து லாரிக்கு, லாரியிலேருந்து கடைக்கு, கடையிலேருந்து வீட்டுக்கு. இந்தப் பாட்டில்மேல பத்துப் பேர் கையாவது பட்டிருக்கணும். கடைக்காரர் கையே இல்ல. அந்தம்மா கை மட்டும்தான் இருக்கு, அதுலயும் நாலு விரல். கட்டைவிரல் இல்லாம எப்படி சார் பிடிச்சுக் குடிச்சாங்க?"

நல்ல கேள்விதான், ஆனா கோர்ட்ல பதிலைத்தான் மேடம் கேப்பாங்க என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். அதுவும் நியாயம்தான்.

அவர்களுடைய வேலையில் ஒரு முறை இருக்கிறது. சாவு நடந்த வீட்டில் கிடைக்கிற ரேகைகளில் எது வீட்டாருடையது, எது வந்து போனவருடையது என்று கழித்துப் பார்ப்பதற்காக, உள்ளே வந்து போன எல்லார் விரலையும் மைப்பலகையில் உருட்டி எடுத்துக்கொள்வார்கள். அப்படித்தான் குருவம்மாவின் விரலையும், பக்கத்து வீட்டுக் கனியம்மாவின் விரலையும், பிணத்தைத் தூக்கி வைத்தவர்கள் விரலையும், முதலில் உள்ளே நுழைந்த, எங்கள் கடையிலேயே ரேஷன் வாங்குகிற ஏட்டின் விரலையும், கடைசியாகச் செண்பகராஜின் விரலையும் எடுத்துக்கொண்டு போனார். தலைநகரில் தன் மேசையில் அவற்றைப் பரப்பி லென்ஸை வைத்தால், குருவம்மாவின் தாளில் வேலுத்தாயின் இரட்டைச் சுழி இருந்தது, கனியம்மாவின் தாளில் வேலுத்தாய், தூக்கினவர்கள் தாளில் வேலுத்தாய், மீசை வைத்த ஏட்டின் தாளில் கோணி ஊசித் தழும்போடு வேலுத்தாய். செண்பகராஜின் தாளில் மட்டும் செண்பகராஜ் இருந்தான்.

ரேகையம்மா பதறவில்லை. தான்தான் எங்கேயோ கை தவறிப்போனோம் என்று நினைத்து, மைப்பலகையை மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவி, திரும்ப வந்து திரும்ப எடுத்தார், திரும்பவும் வேலுத்தாய். சரி என்று சாவு வீட்டுப் பக்கமே வராதவர்களையும் கூப்பிட்டு எடுத்தார், காளவாசலில் எடுத்தார், தீப்பெட்டி ஆபீஸில் எடுத்தார், பள்ளிக்கூடத்து ஆயாவிடம் எடுத்தார், எங்கே உருட்டினாலும் அவள்தான் வந்தாள். மேலிடத்துக்கு எழுதினார். மை கெட்டுப்போயிருக்கும் என்று பதில் எழுதி மேலிடம் ஒரு புது மை டப்பா அனுப்பிவைத்தது. புது மையில் வேலுத்தாய் இன்னும் தெளிவாக விழுந்தாள்.

எங்களுக்கு ஆச்சரியமா என்று கேட்டால், அப்படி ஒன்றும் இல்லை. எத்தனை தடவை அவள் கையில் கொடுத்த விரல், அவள் விட்டுவிட்டுப் போக மனசில்லாமல் அதிலேயே தங்கிவிட்டாள் என்று பெண்கள் சொன்னார்கள், சரிதான் என்று ஆண்களும் சொன்னார்கள். அஞ்சு விரலும் ஒண்ணாவா இருக்கு என்று பேச்சுக்குப் பேச்சு கேட்கிறவர்கள்தான் கொஞ்ச நாள் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். சும்மா இருக்கும் நேரத்தில் கட்டைவிரலை ஆட்காட்டி விரலால் தடவித் தழும்பைத் தேடுவது ஊரில் எல்லாருக்கும் பழக்கமாகிப் போனது. பள்ளிக்கூடத்தில் தர்ஷினி ஸ்டாம்ப் மையில் விரலை ஒற்றி நோட்டு அட்டை முழுக்கப் பதித்து, இது எங்கம்மா, இதுவும் எங்கம்மா என்று பக்கத்துப் பிள்ளைக்குக் காட்டினாளாம். டீச்சர் அதட்டாமல் வெளியே போய் நின்றுவிட்டு வந்தாராம்.

ஆனால் சங்கடம் வேறு வழியில் வந்தது. யார் விரலுக்கும் யார் போனும் திறந்துகொண்டது. அண்ணன் போன் தம்பிக்குத் திறந்தது, புருஷன் போன் பெண்டாட்டிக்குத் திறந்தது, அந்த ஒரு வாரத்தில் ஊரில் பரிசம் போட்ட கல்யாணம் சில நின்றது, பேசாமலிருந்த பங்காளிகள் சிலர் பேசிக்கொண்டார்கள், அப்புறம் யாரும் போனைப் பூட்டுவதையே விட்டுவிட்டார்கள். பென்ஷன் வாங்குகிறவர்கள் உயிரோடிருப்பதற்குச் சான்று காட்ட விரலை வைக்கப் போனால், இறந்துவிட்டீர்கள் என்று மெஷின் சொன்னது. ரேஷன் கடையில் கட்டைவிரலை வைத்த எல்லாருக்கும் பச்சை விளக்கு எரிந்தது, அதில் ஒரு குறையும் இல்லை, வாழ்நாளில் முதல் தடவையாக ஊர் முழுக்க ரேகை விழுந்தது, ஆனால் எல்லாரும் வேலுத்தாயாக விழுந்தார்கள், வேலுத்தாய் பெயரையோ செத்துப்போனவள் என்று கார்டிலிருந்து எடுத்தாகிவிட்டது. செத்தவர்களுக்கு அரிசி போட ஆர்டர் இல்லை, கோவிச்சுக்காதீங்க என்று விற்பனையாளர் எங்களிடம் மரியாதையாகத்தான் சொன்னார்.

தாலுகா ஆபீஸ்காரர்கள் சட்டத்தைப் புரட்டி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். விரல் வைக்க முடியாதவர்களுக்காக அவர்கள் சம்மதத்தோடு வேறொருவர் விரல் வைக்கலாம். அந்த வேறொருவருக்குச் சொந்த ரேகை இருக்க வேண்டும், உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும். அப்படி வேப்பூரணியில் யார் இருந்தார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ரேஷன் கடை வாசலில் செண்பகராஜுக்கு நாற்காலி போட்டார்கள், டேபிள் ஃபேன் வைத்தார்கள், அவன் பெண்டாட்டி நின்று எங்கள் விரலைத் துடைத்த இடத்தில் அவன் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் கட்டைவிரல் வைத்தான். அரிசிக்கு அவன் விரல், பென்ஷனுக்கு அவன் விரல், பத்திரம் பதிய, நகையை அடகு வைக்க, சிம் கார்டு வாங்க, எல்லாவற்றுக்கும் செண்பகராஜைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அண்ணாச்சி என்று கூப்பிட்டவர்கள் ஐயா என்று கூப்பிட்டார்கள். கோயில் கொடையில் முதல் பரிவட்டம் அவனுக்குக் கட்டினோம். தோட்ட வேலை, கட்டட வேலை எதிலும் அந்த விரலில் அடிபட்டுவிடக் கூடாதென்று, அவன் கதவைச் சாத்தினால்கூடப் பக்கத்தில் இருக்கிறவன் ஓடிப்போய்ச் சாத்தினான். அவன் கையில்தான் ஊர் இருந்தது.

கேஸ் நடுவில் தொங்கியது. பாட்டிலில் இருப்பது வேலுத்தாய் ரேகைதான், ஆனால் ஊரில் எல்லார் ரேகையும் வேலுத்தாய் ரேகை என்றான பிறகு அது யார் ரேகை? தற்கொலை என்று முடிக்கவும் முடியவில்லை, கொலை என்று யாரையும் பிடிக்கவும் முடியவில்லை. தான் எடுத்த ரேகையைத் தானே நம்ப முடியாமல் ரேகையம்மா எதையோ சாக்கிட்டு அடிக்கடி வந்துபோனார். ஒருநாள் டீக்கடையில் வைத்து, எல்லார் விரலும் மாறியிருக்கு, மாறாத விரல் ஒண்ணு இருக்கு, அது ஏன்னு யாராவது யோசிச்சீங்களா என்று பொதுவாகக் கேட்டுவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே ஊரில் நாலு பேர் வேன் பிடித்துத் தலைநகருக்குப் போய் அவர் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். செண்பகராஜ் முன்னால ரேஷன் கடைக்கே வராதவரும்மா, வேலுத்தாய் அவர் விரலைப் பிடிச்சதே கிடையாது, அதனாலதான் மாறல, நீங்க ஒண்ணு கிடக்க ஒண்ணு சொல்லிப்புடாதீங்க என்று பக்குவமாக எடுத்துச் சொன்னார்கள்.

ரேகையம்மா லென்ஸைக் கீழே வைத்தார். "கட்டின பொண்டாட்டி புருஷன் விரலை ஒரு நாள்கூடப் பிடிச்சதில்லையா?"

நாலு பேரில் ஒருவர், அது கிடக்கட்டும்மா, எங்களுக்கு அரிசி வேணும்ல என்றார். ரேகையம்மா டீ வாங்கிக்கொடுத்து அனுப்பிவைத்தார்.

குருவம்மா இதையெல்லாம் கேள்விப்பட்டாள். அவள் ரேகையம்மாவைத் தேடிப் போய், பிள்ளை நாளுக்கு நாள் வாடுது, என் கையில குடுக்க என்ன செய்யணும் என்று கேட்டாள். சாட்சி வேணும்மா, பாத்தவங்க வாயைத் திறக்கணும், என் லென்ஸுக்கு வாய் கிடையாது என்று அவர் சொல்லிவிட்டார். ஊரில் பார்த்தவர்கள் இல்லையா என்றால் இருந்தார்கள்தான். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள், அரிசி இருந்தால் உலைமூடி எதற்கு, தானாகவே மூடிக்கொள்ளும்.

அதற்கடுத்த ரேஷன் நாளில் குருவம்மாவும் கார்டோடு வரிசையில் நின்றாள். அவள் முறை வந்தது. செண்பகராஜ் அவள் முகத்தைப் பார்க்காமல் கார்டை வாங்கிக் கட்டைவிரலைத் தூக்கினான். அவள் சத்தம் போடவில்லை, வழி கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டாள்.

"எல்லாரு விரல்லயும் எங்க அக்கா வந்துட்டா. உங்க விரலுக்கு மட்டும் ஏன் மச்சான் வரல?"

வரிசை முழுக்கக் கேட்டது. செண்பகராஜ் கட்டைவிரலை மெஷினில் வைத்தான், அது வியர்வையில் வழுக்கியது, மெஷின் சிவப்பு விளக்கைக் காட்டிக் கத்தியது. துடைத்துவிட்டு வைத்தான், மறுபடி கத்தியது. அன்றைக்கு யாருக்கும் அரிசி கிடைக்கவில்லை, குருவம்மாவின் நாக்கைத்தான் எல்லாரும் திட்டிக்கொண்டு போனோம்.

அந்தக் கேள்வி அவனை விடவில்லை என்று கடைப்பையன்கள் பிறகு சொன்னார்கள். உட்கார்ந்தால் விரலைப் பார்ப்பானாம், சாப்பிடும்போது சோற்றை விட்டுவிட்டு விரலைப் பார்ப்பானாம், தூங்குகிற பிள்ளையின் விரலை விளக்குக்கு நேராகப் பிடித்துத் தன் விரலோடு ஒட்டி வைத்துப் பார்ப்பானாம். ஒரு நாள் கடையின் பின்கட்டில் ஒரு கத்தல் கேட்டு ஓடிப் பார்த்தால், பிளாஸ்டிக் வாளியில் ஆசிட்டை ஊற்றி இரண்டு கையையும் மணிக்கட்டு வரைக்கும் அதற்குள் வைத்துக்கொண்டு நின்றான். கைதவறி விழுந்தது என்றான். இரண்டு கையும் சேர்ந்தாற்போலவா கை தவறும்? ஆஸ்பத்திரியில் கிடந்து கட்டுப் பிரித்தபோது, பழைய ரேகை போய்விட்டிருந்தது, வருமென்று அவன் எதிர்பார்த்த ரேகையும் வரவில்லை. விரல்கள் பத்தும் கழுவிக் கவிழ்த்த பீங்கான் மாதிரி வழவழவென்று இருந்தன. தன்னைப் பார்க்க வந்த ரேகையம்மாவிடம், மத்தவங்களுக்கு வந்தது எனக்கும் வந்திரும்னு நினைச்சேன் மேடம் என்று சொன்னானாம். பாவம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவருக்கும் வந்திருக்காது.

இப்போது வேப்பூரணியில் சொந்த விரல் என்று ஒன்றும் மிச்சமில்லை. அரிசி நின்றது, பென்ஷன் நின்றது, பதிய வேண்டிய பத்திரங்கள் பீரோவுக்குள் கிடந்தன. ஒரு மாதம் பொறுத்தோம், இரண்டாம் மாதம் வயிறு காய்ந்தது, வயிறு காயக் காய எங்களுக்கு ஞாபகம் திரும்ப ஆரம்பித்தது. கனியம்மாவுக்கு முதலில் திரும்பியது: அன்றைக்குச் செண்பகராஜ் ஒப்பாரி வைப்பதற்கு முன்னால் கொல்லைக் குழாயடியில் உட்கார்ந்து பாட்டில் மாதிரி எதையோ சோப்புப் போட்டுக் கழுவினான், என்ன இத்தனை அக்கறையாக் கழுவுறான்னு நினைச்சேன் என்றாள். டீக்கடைக்காரருக்கு, அன்று காலையில் உரக்கடை திறக்கவேயில்லை என்பது ஞாபகம் வந்தது. ரேஷன் விற்பனையாளருக்கு, முந்தின வாரம் வேலுத்தாயின் கழுத்தில் கன்றிப்போயிருந்த விரல் தடங்கள் ஞாபகம் வந்தன. பால்காரர், கொத்தனார், எதிர்வீட்டுக்காரர் என்று ஒவ்வொருவராக, என்னை விடு என்று அவள் கத்தியதைக் கேட்டவர்களும், சத்தம் சட்டென்று நின்றதைக் கேட்டவர்களும் கிளம்பி வந்தார்கள். கொலை செய்தபோது பேசாத ஊர், கட்டைவிரலைக் கெடுத்துக்கொண்டதும் பேசியது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

இன்ஸ்பெக்டர் எல்லாரையும் மாஜிஸ்ட்ரேட்டிடம் கூட்டிப் போனார். அவர் ஒவ்வொருவர் சொல்வதையும் எழுதவைத்து, வாசித்துக் காட்டி, கையெழுத்துப் போடச் சொன்னார். எங்களுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாமல் இல்லை. ஆனால் கையெழுத்து கூரியர்காரனுக்குப் போடுவது, சத்தியத்துக்கு ரேகைதான் வைக்கணும் என்று கனியம்மா சொல்லிவிட்டாள், அவளைப் பார்த்து எல்லாரும் ஸ்டாம்ப் மையில் விரலைத் தொட்டுக் கட்டைவிரலை வைத்தோம். மாஜிஸ்ட்ரேட் எங்கள் ஊருக்குப் புதுசு, ஒன்றும் கேட்கவில்லை.

கோர்ட்டில் கேஸ் நடந்தபோது செண்பகராஜின் வக்கீல் கெட்டிக்காரர் என்று பேர் வாங்கியவர், எங்கள் ஊர்ச் சங்கதி அவர் காதுக்கும் எட்டியிருந்தது. சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்து நேரத்தை வீணாக்குவானேன் என்று, வாக்குமூலங்கள் எல்லாவற்றையும் கட்டாக எடுத்து, விரல்ரேகை நிபுணர் என்ற முறையில் ரேகையம்மாவைக் கூண்டில் ஏற்றினார். கனியம்மாள் கொடுத்ததாகச் சொல்லப்படும் இந்த வாக்குமூலத்தில் இருப்பது கனியம்மாளின் ரேகையா என்று கேட்டார். ரேகையம்மா லென்ஸை வைத்துப் பார்த்தார். இல்லை, வேலுத்தாயின் ரேகை. டீக்கடைக்காரருடையது? அதுவும் வேலுத்தாய். விற்பனையாளருடையது? வேலுத்தாய். எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்து எல்லாவற்றுக்கும் அதையே சொன்னார். சத்தியம் செய்துவிட்டு வேறு என்ன சொல்ல முடியும்? பைபிளைத் தொட்டவர், இருப்பதைத்தான் சொன்னார்.

வக்கீல் ஜட்ஜைப் பார்த்துத் திரும்பி, "கனம் கோர்ட்டார் அவர்களே, உயிரோடிருக்கிற ஒரு ஆளும் என் கட்சிக்காரருக்கு எதிராகச் சொல்லவில்லை. இவ்வளவும் சொல்லியிருப்பது செத்துப்போன அந்த வேலுத்தாய்தான் என்று அரசுத் தரப்பு நிபுணரே நிரூபித்துவிட்டார்" என்றார்.

ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இறந்துபோனவர் தம்முடைய சாவுக்குக் காரணம் இன்னது என்று சொல்லியிருந்தால், அதற்குச் சட்டத்தில் மரண வாக்குமூலம் என்று பெயர், வக்கீல் சார்."

இந்தத் தாள்களெல்லாம் அவள் செத்துப் பல மாதம் கழித்து எழுதியவை, சாவுக்கு முன்னால் சொன்னதுதான் மரண வாக்குமூலம் என்று வக்கீல் துள்ளிக் குதித்தார். ஜட்ஜ் சட்டப் புத்தகத்தை எடுத்து அந்தப் பிரிவை வரி வரியாக வாசித்தார். இறந்தவர் தம் மரணத்தின் காரணத்தைக் குறித்துச் சொன்னது என்றுதான் இருந்தது, செத்த பிறகு சொல்லக் கூடாது என்று எங்கேயும் இல்லை. அந்தச் சட்டத்தை எழுதியவருக்கு வேப்பூரணியைத் தெரிந்திருக்க நியாயமில்லை. ரேகை யாருடையது என்பதை நிரூபித்துக் கொடுத்தது எதிர்த்தரப்பு என்பதால் அதில் தகராறும் இல்லை. செண்பகராஜுக்கு ஆயுள் தண்டனை விழுந்தது. சிறையில் சேர்க்கிறபோது கைதியின் விரலைப் பதிவு செய்ய வேண்டும், அவன் விரலில் மைதான் ஒட்டியது, கோடு ஒன்றும் விழவில்லை என்று கேள்வி.

தீர்ப்புக்குப் பிறகு எங்கள் விரல்கள் எங்களிடம் திரும்ப ஆரம்பித்தன. ஒருநாள் ரேஷன் கடையில் கனியம்மா விரலை வைக்க, மெஷின் சிவப்பு விளக்கைக் காட்டிக் கத்தியது, கடையில் இருந்தவர்கள் எல்லாரும் கை தட்டினார்கள். அவள் மட்டும் தட்டாமல் விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டே நின்றாள். வாரத்துக்கு வாரம் ஒருவர் இருவராக எல்லாருக்கும் ரேகை விழாமல் போனது. அரசாங்கம் விரலுக்குப் பதில் கண்ணைக் காட்டினால் போதும் என்று வேறு மெஷின் கொடுத்துவிட்டது, அரிசிக்குக் குறைவில்லை. தழும்பைத் தேடுகிற பழக்கத்தை விடத்தான் நாளாயிற்று.

பிள்ளையைக் கோர்ட்டு குருவம்மாவிடம் ஒப்படைத்தது. கேஸ் முடிந்தால் தடயமாக எடுத்துப் போன பொருள்களை உரியவர்களிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும், வேலுத்தாயின் சேலையையும் கொலுசையும் பொட்டலமாகக் கட்டி எடுத்துக்கொண்டு ரேகையம்மாவே வந்தார். குருவம்மா தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் வாங்கிக்கொண்டாள். பெற்றுக்கொண்டதற்கு ரேகை வை என்று மை டப்பாவைத் திறந்து நீட்டினால், பேனா குடுங்கம்மா என்று கேட்டு வாங்கி, எழுத்துக் கூட்டித் தன் பெயரை எழுதினாள். ரேகையம்மாவுக்குப் புரிந்துவிட்டது. மை டப்பாவை மூடிவிட்டு, பையிலிருந்து லென்ஸை எடுத்தார்.

"மை வேணாம். சும்மா காட்டு குருவம்மா, உனக்குப் போயிருச்சா இருக்கான்னு ஒரு பார்வையில சொல்லிருவேன்."

குருவம்மா கட்டைவிரலை உள்ளே வைத்துக் கையை மூடிக்கொண்டாள்.

"வேண்டாம்மா. அக்கா போயிட்டான்னு நீங்க சொல்லிட்டா, எனக்கு இன்னொரு தடவை சாவு வீடு."

ரேகையம்மா லென்ஸைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வந்த வண்டியிலேயே ஏறிப் போனார். கண்ணைக் காட்டுகிற மெஷின் வந்த பிறகும் குருவம்மா எதற்கும் எங்கேயும் விரல் வைத்ததில்லை, வைக்கச் சொல்கிற இடத்துக்குப் போனதும் இல்லை, தன் விரலைத் தானும் திருப்பிப் பார்த்ததில்லை. சந்தைக்கும் ஆபீஸுக்கும் அந்தக் கையை மூடியபடியேதான் போய்வருகிறாள். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் தர்ஷினி ஓடி வரும்போது மட்டும் அதைத் திறந்து கொடுக்கிறாள். பிள்ளை கட்டைவிரலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, யாரிடமும் ஒன்றும் கேட்காமல், பேசிக்கொண்டே கூட வருகிறது.